இணையத்துக்கு மாத வரம்பு எதற்கு?

அமெரிக்காவின் மிகப் பெரிய வீட்டு இணைய நிறுவனங்களில் ஒன்றான காம்காஸ்ட், 2025 ஜூன் மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடு முழுவதும் இனி தான் விற்கும் புதிய பிளான்களில் மாத டேட்டா வரம்பு கிடையாது என்பது அதன் சாரம். அதுவரை அந்த நிறுவனம் சேவை தரும் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வீட்டுக்கு மாதம் 1.2 டெராபைட், அதாவது ஏறத்தாழ 1,200 ஜிபி என்று கணக்கு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர் பில்லில் ஏறும். மாதத்துக்கு 100 டாலர் வரை ஏறலாம். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் மாதாமாதம் 30 டாலர் தனியாகக் கட்டி வரம்பை நீக்கிக்கொள்ளலாம். இப்படி ஒரு வரம்பு ஏன் தேவை என்று கேட்டபோதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் 2025 ஜூனில் அந்த நிறுவனத்தின் கேபிள்கள் ஒரே இரவில் பெருத்துவிடவில்லை. மாறியது சந்தைதான். டி-மொபைல், வெரைசன் ஆகிய நிறுவனங்கள் 5ஜி அலைவரிசை வழியாக, மாத வரம்பு இல்லாமல் வீட்டு இணையம் விற்கத் தொடங்க, கேபிள் நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் கட்சி மாறிக்கொண்டிருந்தார்கள். போட்டி வந்ததும் காணாமல் போகிற ஒரு வரம்பைத் தொழில்நுட்பத் தேவை என்று சொல்ல முடியாது. கம்பி வழியாக வரும் வீட்டு இணையத்தில் மாத டேட்டா வரம்பும் கூடுதல் கட்டணமும் நெட்வொர்க்கைக் காக்கும் ஏற்பாடுகளே அல்ல. அவை வேறு பெயரில் வரும் விலை உயர்வு. கட்டுப்பாட்டு அமைப்புகள் அவற்றை விலையாகவே பார்த்து, விலைக்குரிய கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதைப் புரிந்துகொள்ள, ஒரு வீட்டுக்கு இணையம் தருவதில் செலவு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். தெருவில் பள்ளம் தோண்டிக் கேபிள் பதிப்பது, கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் இழுப்பது, ஒவ்வொரு பகுதியிலும் கருவிகள் வைப்பது, அவற்றுக்கு மின்சாரம், பராமரிப்பு, பழுது பார்க்க ஆட்கள்: இவைதான் பெருஞ்செலவு. இந்தச் செலவு நீங்கள் மாதம் 50 ஜிபி பயன்படுத்தினாலும் 2,000 ஜிபி பயன்படுத்தினாலும் ஒன்றுதான். பதித்த ஃபைபர் பயன்படுத்துவதால் தேயாது. பயன்படுத்தாமல் விட்ட ஒரு நொடியின் கொள்ளளவை நாளைக்கென்று சேமித்து வைக்கவும் முடியாது. அப்படியானால் நெட்வொர்க்கை விரிவாக்க வேண்டிய கட்டாயம் எப்போது வருகிறது? ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும்போது. ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஒரு பாதையில் வரும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் கொள்ளளவை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. கேபிள் முறையில் ஒரு கிளை மையத்தை நூற்றுக்கணக்கான வீடுகள் பகிர்ந்துகொள்வது சாதாரணம். மாலை 7 மணியிலிருந்து இரவு 11 மணி வரை எல்லா வீட்டிலும் டிவி, போன், கேம் எல்லாம் ஓடுகின்றன. அந்த நாலு மணி நேரத்தைத் தாங்கும்படிதான் நெட்வொர்க் கட்டப்படுகிறது. மீதி இருபது மணி நேரமும் அதில் இடம் காலியாகக் கிடக்கிறது.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் ஒரு வீடியோ எடிட்டர் இருக்கிறார். தன் வேலைக் கோப்புகளை நள்ளிரவுக்கு மேல் தானாகவே மேகக் கிடங்குக்கு ஏற்றும்படி அமைத்து வைத்திருக்கிறார். மாதம் 1,800 ஜிபி ஆகிறது. இரண்டாவது வீட்டில் மாதம் 400 ஜிபிதான், ஆனால் அதில் முக்கால்வாசி இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே, எல்லோரும் பார்க்கும் அதே நேரத்தில், பெரிய டிவியில் படம் பார்ப்பதில் போகிறது. நெட்வொர்க்குக்குச் சுமை தருவது யார்? இரண்டாவது வீடுதான். அவர்கள் மேல் தவறேதும் இல்லை. படம் பார்க்கத்தானே இணைப்பு வாங்கினார்கள். ஆனால் மாத வரம்பு அபராதம் போடுவது முதல் வீட்டுக்கு. நெரிசலுக்குப் பங்களிக்காதவருக்கு அபராதம், பங்களிப்பவருக்கு விலக்கு என்று அமைந்த ஒரு விதியை நெரிசல் மேலாண்மை என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்? மாதம் முழுவதற்குமான ஜிபி கூட்டுத்தொகையில் நேரம் என்பதே கிடையாது. நெரிசலோ முழுக்க முழுக்க நேரம் சம்பந்தப்பட்டது.

இணைய நிறுவனங்கள் வெளியுலகத்தோடு இணைவதற்கான கொள்ளளவைத் தாங்கள் வாங்கும் முறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மொத்த விற்பனைச் சந்தையில் டிரான்சிட் எனப்படும் இந்தக் கொள்ளளவு பொதுவாக ஜிபி கணக்கில் விற்கப்படுவதில்லை; எம்பிபிஎஸ் கணக்கில், அதாவது வேகத்தின் கணக்கில் விற்கப்படுகிறது. பரவலாக உள்ள முறை இது: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போக்குவரத்தின் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். 30 நாள் மாதத்தில் 8,640 அளவீடுகள் சேரும். அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, உச்சியில் உள்ள 5 சதவீதத்தை, அதாவது 36 மணி நேரத்துக்கான அளவீடுகளைக் கழித்துவிட்டு, எஞ்சியதில் உயர்ந்த அளவுக்குப் பணம். ஆகவே அதிகாலை மூன்று மணிக்கு ஒரு வீடு எத்தனை ஜிபி இறக்கினாலும் நிறுவனத்தின் பில்லில் ஒரு காசு ஏறாது. விலையையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு எம்பிபிஎஸ் வேகத்தை மாதம் முழுக்க இடைவிடாமல் பயன்படுத்தினால் 324 ஜிபி ஆகும். அந்த ஒரு எம்பிபிஎஸுக்கு மாதம் ஒரு டாலர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அமெரிக்கப் பெருநகரங்களில் மொத்த விலை இதைவிடக் குறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நிறுவனம் ஒரு டாலருக்கு வாங்கும் அதே 324 ஜிபியை வரம்புக்கு மேல் பயன்படுத்திய வாடிக்கையாளர், ஐம்பது ஐம்பதாக ஏழு துண்டுகளுக்கு 70 டாலர் கட்ட வேண்டியிருந்தது. வெளி இணைப்பு மட்டுமே செலவு அல்ல என்பது உண்மைதான். ஆனால் மற்ற செலவுகள் ஜிபியைப் பொறுத்து ஏறி இறங்குபவை அல்ல என்பதை மேலே பார்த்தோம். அவற்றுக்குத்தான் மாதக் கட்டணம் இருக்கிறது.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. நிறுவனங்களுக்கே இது நன்றாகத் தெரியும், தெரியும் என்பதைச் சொல்லியும் இருக்கிறார்கள். அமெரிக்க கேபிள் நிறுவனங்களின் சங்கத்துக்கு அப்போது தலைவராக இருந்த மைக்கேல் பவல், அதற்கு முன் அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கே தலைவராக இருந்தவர். 2013 ஜனவரியில் ஒரு கூட்டத்தில் அவர், மாத வரம்பின் முதன்மை நோக்கம் நெரிசலைச் சமாளிப்பது அல்ல, பெரும் நிலைச் செலவை எப்படி வசூலிப்பது என்பதே என்று ஒப்புக்கொண்டார். 2014 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜிஏஓ அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், கம்பி வழி நிறுவனங்கள் சில தங்களுக்கு நெரிசல் ஒரு பிரச்சினையாக இல்லை என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டே காம்காஸ்டின் வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்கான உள்வழிகாட்டி ஒன்று வெளியே கசிந்தது. வரம்பு நெரிசலுக்காக என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது, ஏனென்றால் அது அதற்காக அல்ல என்று அதில் அறிவுறுத்தப்பட்டிருந்தது. எதிர்த்தரப்பே இப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும், வரம்பை எடுத்தால் எல்லோருக்கும் இணையம் மெதுவாகிவிடும் என்ற பயம் பொதுப்பேச்சில் இன்னும் உலவுகிறது.

அந்தப் பயத்துக்கு அனுபவமும் பதில் சொல்லிவிட்டது. ஒன்று, புவியியல். காம்காஸ்ட் பல ஆண்டுகளாக வரம்பை நாடு முழுக்க ஒரே மாதிரி வைத்ததில்லை. வெரைசனின் ஃபைபர் வலுவாக இருக்கிற வடகிழக்கு மாநிலங்களில் வரம்பு இல்லை; மற்ற இடங்களில் இருந்தது. இரண்டு பகுதிகளிலும் அதே கேபிள், அதே கருவி, அதே நிறுவனம். வடகிழக்கில் நெட்வொர்க் இடிந்து விழவில்லை. 2021-ல் அங்கும் வரம்பைக் கொண்டுவர முயன்றபோது மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் திரண்டு எதிர்த்தார்கள். பென்சில்வேனியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் தலையிட்டார். முதலில் தள்ளிப்போட்டு, பிறகு கைவிட்டார்கள். இரண்டு, சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனம். 2016-ல் அது டைம் வார்னர் கேபிளை விழுங்கியபோது, ஏழு ஆண்டுகளுக்கு டேட்டா வரம்பு வைக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் நிபந்தனை போட்டது. ஏழாண்டும் வரம்பில்லாமலே ஓட்டினார்கள். இடையிலேயே நிபந்தனையை நீக்கும்படி கேட்டு, பிறகு அந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மூன்று, கொரோனா. 2020 மார்ச்சில் பள்ளி, அலுவலகம், மருத்துவ ஆலோசனை எல்லாம் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் வந்தன. நெரிசலுக்காகத்தான் வரம்பு என்றால் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நேரம் அதுதான். காம்காஸ்ட், ஏடி அண்ட் டி போன்றவை செய்தது நேர்மாறு: வரம்பைத் தற்காலிகமாக நீக்கின. காம்காஸ்ட் நெட்வொர்க்கில் உச்ச நேரப் போக்குவரத்து சில வாரங்களில் சுமார் 32 சதவீதம் உயர்ந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. நெட்வொர்க் தாங்கியது. தாங்கியது என்று பெருமையோடு அறிவித்தும் கொண்டார்கள். நிலைமை தணிந்ததும் வரம்பு திரும்பி வந்தது.

அதிகம் பயன்படுத்துபவர் அதிகம் கொடுக்கட்டுமே, குறைவாகப் பயன்படுத்தும் முதியவர் ஏன் பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்ப்பதற்குச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்ற வாதம்தான் பொதுமக்களிடம் எடுபடுவது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் இந்த நியாயம் ஒரு திசையில் மட்டும்தான் ஓடுகிறது. மாதம் 1,200 ஜிபியைத் தாண்டினால் 10 டாலர் ஏறியது. 100 ஜிபியோடு நின்றால் 10 டாலர் குறைந்ததா? குறையவில்லை. ஒரு காலத்தில் சில பகுதிகளில், மலிவான ஒரு பிளானில், மாதம் 5 ஜிபிக்குள் நின்றால் 5 டாலர் கழிவு என்று ஒரு சலுகை இருந்தது. 5 ஜிபி என்பது இரண்டு மணி நேரப் படம் ஒன்றுக்கே ஏறத்தாழத் தீர்ந்துபோகும் அளவு. அதைக் குறைவாகப் பயன்படுத்துபவருக்கான நீதி என்று காட்டியது கண்துடைப்பு. மேலும், அதிகம் வேண்டுவோர் அதிகம் கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது: வேகம். 100 எம்பிபிஎஸ் வேண்டுபவர் ஒரு விலை, ஒரு ஜிபிபிஎஸ் வேண்டுபவர் அதைவிட உயர்ந்த விலை. உச்ச நேரத்தில் ஒருவர் நெட்வொர்க்கில் எவ்வளவு இடம் பிடிக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வேகம்தான். ஆகவே அதற்கு விலை வைப்பது பொருத்தம். வேகத்துக்கு ஒருமுறையும் அந்த வேகத்தைப் பயன்படுத்தியதற்கு இன்னொரு முறையும் வாங்குவதில்தான் கோளாறு. ஒரு ஜிபிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 450 ஜிபி. 1,200 ஜிபி வரம்பு இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு மாதத்துக்கு என்று விற்ற வேகத்தை மூன்று மணி நேரம்கூட முழுதாகப் பயன்படுத்த முடியாத பிளானுக்கு எதற்காக அத்தனை விலை?

மின்சாரத்துக்கும் யூனிட் கணக்குத்தானே, இணையத்துக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. மின்சாரத்தில் பல யூனிட்டுகளுக்குப் பின்னால் எரிந்த நிலக்கரி இருக்கிறது. அப்படி ஒரு யூனிட் குறைவாகச் செலவழித்தால் அந்த அளவு எரிபொருள் மிச்சம். ஜிபிக்குப் பின்னால் அப்படி எதுவும் எரிவதில்லை. மின்சாரத்திலும்கூட, செலவு உச்ச நேரத்தில்தான் எகிறுகிறது என்பதை உணர்ந்து, தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு உச்ச நேரத்துக்கென்று தனி உயர்கட்டணம் வைத்திருக்கிறார்கள். இணைய நிறுவனங்கள் மின்வாரியத்திடமிருந்து எதையாவது கற்பதானால் அதைக் கற்கலாம். இன்னொன்றும் உண்டு. மின்மீட்டர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கருவி, தரப்படுத்தப்பட்டது, சந்தேகம் இருந்தால் சோதித்துத் தரச் சொல்லலாம், வீட்டுச் சுவரில் கண்ணெதிரே ஓடுகிறது. டேட்டா மீட்டரோ நிறுவனத்தின் கணினிக்குள் இருக்கிறது. அது காட்டுவதுதான் கணக்கு. உங்கள் ரூட்டர் 900 ஜிபி என்று காட்டி, நிறுவனத்தின் பக்கம் 1,250 ஜிபி என்று காட்டினால், வாதாட உங்கள் கையில் எதுவும் இல்லை.

கனடா இந்த வாதங்களை எல்லாம் ஒருமுறை பொதுவெளியில் வைத்து அலசிப் பார்த்துவிட்டது. பெல் நிறுவனத்தின் கம்பியை வாடகைக்கு எடுத்துச் சேவை தரும் சிறு நிறுவனங்களும் ஜிபி கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்று 2011 ஜனவரியில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி தீர்ப்பளித்தது. வரம்பில்லாப் பிளான்களை விற்றுப் பிழைத்துவந்த சிறு நிறுவனங்களின் அடிமடியில் கை வைக்கும் தீர்ப்பு அது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். அமைச்சர் டோனி கிளெமென்ட் வெளிப்படையாகத் தலையிட்டார். ஆணையம் மறுபரிசீலனை செய்து, அதே ஆண்டு நவம்பரில் ஜிபி முறையைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது கொள்ளளவு முறை: சிறு நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் அனைவருக்குமாக உச்ச நேரத்தில் எவ்வளவு வேகம் தேவைப்படும் என்று கணித்து அந்த அளவை வாங்கிக்கொள்ளும், மாத ஜிபிக் கணக்குக்கு வேலை இல்லை. செலவு எங்கே விழுகிறதோ அங்கே விலையை வைத்த முடிவு அது. பெரிய நிறுவனங்கள் அதன் பிறகும் கம்பி பதிக்காமல் ஓடிவிடவில்லை.

இவ்வளவு பெரிய வரம்பை எத்தனை பேர் தொடப்போகிறார்கள், ஒன்றிரண்டு சதவீதத்துக்காகவா இத்தனை கூச்சல் என்ற சமாதானம்தான் ஆபத்தானது. நம் நாட்டுக்கு நேரடியாகப் பொருந்துவதும் இதுதான். 2008-ல் காம்காஸ்ட் முதல்முறை 250 ஜிபி வரம்பு வைத்தபோது, தன் வாடிக்கையாளர்களில் நடுவில் இருப்பவர் மாதம் 2 முதல் 3 ஜிபிதான் பயன்படுத்துகிறார் என்றது. நூறு மடங்கு இடைவெளி. யாரும் கவலைப்படவில்லை. ஓபன்வால்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, அமெரிக்காவில் ஒரு வீட்டின் சராசரிப் பயன்பாடு 2019 இறுதியில் 344 ஜிபி, 2020 இறுதியில் 482 ஜிபி, 2023 இறுதியில் சுமார் 640 ஜிபி. வரம்போ 2016-ல் ஒரு டெராபைட், 2020-ல் 1.2 டெராபைட், அதற்குப் பின் ஐந்தாண்டுகள் அசையவில்லை. யாரும் தொடாத உயரத்தில் வைத்த கோடு, தண்ணீர் மட்டம் ஏற ஏறத் தானாகவே கழுத்துக்கு வந்துவிடுகிறது. விலையை உயர்த்த நிறுவனம் விரல்கூட அசைக்க வேண்டாம். முதலில் அகப்படுபவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். தாத்தா பாட்டி முதல் கல்லூரிப் பிள்ளை வரை ஒரே கூரைக்குக் கீழ் ஒரே இணைப்பில் வாழும் பெரிய குடும்பங்கள். ஜிபி கணக்கு வீட்டுக்குத்தான், தலைக்கு அல்ல.

வரம்பு இன்னொரு வேலையையும் செய்யும். கேபிள் டிவி விற்கும் நிறுவனமே இணையத்தையும் விற்கும்போது, இணையத்தில் படம் பார்ப்பதற்கு ஒரு கோடு போட்டால், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் தன் டிவி தொழிலுக்கு லாபம். 2012-ல் காம்காஸ்ட் தன் சொந்த வீடியோ சேவையை எக்ஸ்பாக்ஸ் கருவியில் பார்த்தால் வரம்பில் சேராது என்றது. நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஒரே கம்பி, ஒரே டிவி, ஒரே அளவு டேட்டா. ஒன்றுக்குக் கணக்கு, மற்றதற்குக் கணக்கில்லை. இந்த விஷயத்தில் இந்தியா முந்திக்கொண்டது என்பதைப் பெருமையாகவே சொல்லலாம். 2016 பிப்ரவரி 8 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிமுறைகள், உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைப்பதைத் தடை செய்தன. ஃபேஸ்புக்கின் இலவச இணையத் திட்டம் அதனால்தான் இங்கே நின்றுபோனது.

இந்திய வீடுகளில் இன்று கூடுதல் பில் அபூர்வம். ஒரு காலத்தில் அப்படி இல்லை. 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியபோது எம்பி கணக்கில் வரம்பு இருந்தது, தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று பில்லும் வந்தது. சில பிளான்களில் மட்டும் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை கணக்கே கிடையாது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்ட ஒரு தலைமுறைக்கு இது நினைவிருக்கும். இலங்கையிலும் ஸ்ரீலங்கா டெலிகாமின் பல வீட்டு இணைப்புகளில் நீண்ட காலமாக மாத ஜிபி கணக்கு, நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்துக்குத் தனிக் கணக்கு, தீர்ந்தால் காசு கொடுத்துக் கூடுதல் ஜிபி வாங்கும் ஏற்பாடு என்று இருந்துவருகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மாதக் கடைசியில் ஜிபியை எண்ணி எண்ணிப் பிள்ளைகளின் வகுப்பை ஓட்டும் வீடுகளுக்கு இது வெறும் கொள்கை விவாதம் அல்ல. இந்த இரவுச் சலுகைகளைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், வரம்பு வைத்தவர்களே நம் வாதத்தை நிரூபித்துவிடுகிறார்கள். ஜிபிக்குத்தான் செலவு என்றால் இரவு ஜிபியும் பகல் ஜிபியும் ஒரே விலையாக அல்லவா இருக்க வேண்டும்? இரவில் இலவசமாகத் தர முடிகிறது என்றால், தருவதால் செலவில்லை என்றுதானே பொருள்?

இப்போது இந்தியாவில் நிலைத்திருப்பது நியாயப் பயன்பாட்டுக் கொள்கை எனப்படும் எஃப்யூபி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 'அன்லிமிடெட்'. அடிக்குறிப்பில், பல ஃபைபர் பிளான்களில், மாதம் 3,300 ஜிபி. ஏர்ஃபைபர் என்ற பெயரில் 5ஜி வழியாக வீட்டுக்கு வரும் இணைப்புகளில் 1,000 ஜிபி. தாண்டினால் பில் ஏறாது, வேகம் விழும். அலைவரிசை வழியாக வரும் இணைப்புகளுக்கு ஒரு தனி நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. அங்கே ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்தப் பகுதியின் போன்களும் வீடுகளும் சேர்ந்து பகிர்கின்றன. அலைவரிசை ஏலத்தில் வாங்கிய அரிய பொருள். இன்னொரு ஃபைபர் இழுப்பதுபோல் அதைப் பெருக்கிக்கொள்ள முடியாது. அங்கேயும் சுமை உச்ச நேரத்தில்தான் என்றாலும், கட்டுப்பாடு தேவை என்ற வாதத்துக்குக் காது கொடுக்கலாம். ஃபைபருக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. வீட்டு இணைப்பை வாங்கித் தெருவுக்கே விற்கும் முறைகேட்டைத் தடுக்கத்தான் 3,300 ஜிபி என்கிறார்கள். மறுவிற்பனை ஒப்பந்தத்திலேயே தடை செய்யப்பட்ட ஒன்று. செய்பவரைக் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கலாம். அதற்காக எல்லா வீடுகளுக்கும் ஒரு கோடு போடத் தேவையில்லை. இன்றைய இந்திய வீட்டுக்கு 3,300 ஜிபி தொட முடியாத உயரம் என்பது சரி. 2008-ல் அமெரிக்க வீட்டுக்கு 250 ஜிபியும் அப்படித்தான் இருந்தது.

வரம்பை எடுத்துவிட்டால் அந்த வருமானத்தை நிறுவனங்கள் மாதக் கட்டணத்தில் ஏற்றிவிடும் என்று ஓர் அச்சம் இருக்கிறது. ஏற்றட்டும். 599 ரூபாய் என்பது 649 ஆனால் அது எல்லோர் கண்ணிலும் படும், போட்டி நிறுவனத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், வாடிக்கையாளர் மாறலாம். மாத நடுவில் வேகம் விழுவதையோ பில் ஏறுவதையோ கடையில் நின்று யாரும் ஒப்பிட முடியாது. புதிதாக ஃபைபர் பதிக்கப் பணம் வேண்டும் என்றால் அதை விலையாக, முகத்துக்கு நேராகக் கேட்பதே முறை.

டிராய் செய்ய வேண்டியவை அப்படியொன்றும் பெரிய காரியங்கள் அல்ல. கம்பி வழி வீட்டு இணைப்புகளில் ஜிபிக்கு என்று தனிக் கட்டணம் கூடாது என்று இப்போதே, அது அபூர்வமாக இருக்கும்போதே, விதித்துவிடலாம். பரவிய பிறகு பிடுங்குவது கடினம் என்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது. உண்மையிலேயே நெரிசல் இருந்தால், அந்தக் கிளையில், அந்த மணி நேரத்தில் மட்டும், எல்லோரையும் ஒரே அளவாக வேகம் குறைக்க அனுமதிக்கலாம். அப்படிக் குறைத்த நேரங்களை நிறுவனம் வெளியிட வேண்டும். எஃப்யூபி இருக்கிற பிளானை 'அன்லிமிடெட்' என்று விற்பதைத் தடுக்கலாம். 2024 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பிளானுக்கும் விலை, வேகம், வரம்பு, கூடுதல் கட்டணம் எல்லாம் ஒரே அட்டையில் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. நம்மூரில் அது தமிழிலும் வேண்டும். வேகம் விழுந்தபின் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதையும் திருத்தியாக வேண்டும். 2016 அக்டோபரில் டிராய் பிறப்பித்த உத்தரவு, வரம்பு தாண்டிய கம்பி வழி இணைப்பின் வேகம் 512 கேபிபிஎஸுக்குக் கீழே போகக் கூடாது என்றது. 2023 ஜனவரியில் மத்திய அரசு, 2 எம்பிபிஎஸ் வேகமாவது இருந்தால்தான் அது பிராட்பேண்ட் என்று வரையறையை மாற்றியது. மாதக் கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, அரசின் வரையறைப்படியே பிராட்பேண்ட் ஆகாத ஒன்றை மாதத்தின் மீதி நாட்களுக்குத் தர எந்த நிறுவனத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. அந்தக் கீழ்வரம்பை 2 எம்பிபிஎஸ் ஆக்கும் உத்தரவுக்கு ஒரு பக்கம் போதும்.